“தாங்க முடியாதபோது மட்டும் கொடுங்க”

புற்றுநோயாளி இருக்கும் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருபவர்கள் பழத்தோடு ஓர் அறிவுரையும் கொண்டுவருகிறார்கள். “மார்ஃபினா? பழகிடும். தாங்க முடியாதபோது மட்டும் கொடுங்க.” அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பல வீடுகளில் வலி அடங்காமல் இருப்பதற்கு இந்த அக்கறையும் ஒரு காரணம்.

பழகிடும் என்பதில் பாதி சரி. உடல் மருந்துக்குப் பழகும். அதனால்தான் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கிறார்கள். போதைக்காக ஏங்கி அலைவது வேறு சங்கதி. மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காகச் சாப்பிடும் புற்றுநோயாளிகளிடம் அது அரிது.

‘தாங்க முடியாதபோது’ என்பதுதான் பெரிய வில்லங்கம். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். வலி வரும்வரை காத்திராமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. தவிர, தாங்க முடியவில்லை என்று யார் சொல்வது? “ஒண்ணுமில்லம்மா, நீ போய்ப் படு” என்கிற அப்பாவின் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். நள்ளிரவில் மகள் அந்தக் கையைப் பார்த்துக் கணிக்க வேண்டும். கொடுத்தால் “அதுக்குள்ளயா?”, கொடுக்காவிட்டால் “பார்த்துக்கிட்டா இருந்தே?” செல்போன் அலாரமும் நேரம் குறித்த ஒரு நோட்டும் இருந்தால் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. இடையில் வலி எழுந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிட வேண்டும்.

மூச்சு நின்றுவிடும் என்கிறார்கள். அளவு மீறினால் ஆபத்துதான், மறைப்பதற்கில்லை. அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் நிதானம். தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டாலோ மூச்சு மந்தமானாலோ உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். பெரும்பாலோருக்கு வரும் தொல்லை மலச்சிக்கல். மலமிளக்கியைக் கூடவே எழுதித் தராததால், வயிறு உப்பி, மார்ஃபினையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு.

மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டம் என்பதும் தவறு. நடமாடுகிறவருக்கும் வலி கடுமையென்றால் கொடுக்கிறார்கள். சிகிச்சையில் வலி தணிந்தால் குறைத்து நிறுத்துகிறார்கள்.

குடும்பங்கள் மாத்திரையை மிச்சம் பிடிப்பதற்குப் பயம் மட்டுமே காரணமில்லை. காஜிப்பூரிலும் நீமச்சிலும் மார்ஃபினுக்கு மூலமான ஓபியத்தை அரசே ஆலை வைத்துப் பதப்படுத்தும் நாட்டில், தெருமுனை மருந்துக்கடையில் மார்ஃபின் கிடைப்பதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் தளர்த்திய பிறகும், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். அந்தத் திட்டத்தின் செவிலியர் வரும்போது முதலில் கேட்க வேண்டியது, அடுத்த வாரத்து மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதைத்தான்.