தையல் இயந்திரம் கிடைத்தது, சந்தை கிடைக்கவில்லை

2009 இற்குப் பின்னர் வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் பயிற்சியும் கொடுத்தார்கள். செய்த பொருளை எங்கே விற்பது என்பதை, நான் நேரில் பார்த்த பல திட்டங்கள் யோசிக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் நுண்கடன் புகுந்தது.

அறிமுகப்படுத்தக் கடன் தேவையில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வரும் சனத்துக்குப் பனங்கட்டியைச் சிறு துண்டாகச் சுவைக்கக் கொடுக்கலாம். பொதியில் உற்பத்தித் திகதியும் வட்ஸ்அப் இலக்கமும் இருந்தால், வாங்கியவர் வீட்டிலிருந்தே மறுபடி கேட்பார். ஊர்ச் சங்கக்கடையில் பத்துப் பைக்கற் வைக்கலாம்.

ஆனால், விற்ற காசைக் கடை மாதக்கணக்கில் இழுத்தடித்தால், அந்தப் பெண் திரும்பவும் வாரத் தவணைக் கடனுக்குள்தான் விழுவார். உதவி வழங்குவோர் இனி இயந்திரத்தோடு, உடன் காசுக்குக் கொள்வனவு செய்யும் ஒரு கடையையும் உறுதிப்படுத்த வேண்டும்.