துயரின் இடம்

மனச்சோர்வைத் தணிக்க மூளையின் எந்தப் புள்ளியைத் தூண்டுவது என்று மருத்துவ உலகம் நெடுநாளாக வாதிட்டு வருகிறது. துயரை மண்டையோட்டின்மேல் நாடா வைத்து அளப்பதா என்று இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பதுண்டு. மெய்ப்பாட்டியல் படித்த நாம் அப்படிச் சுளிப்பதற்கில்லை. இகழப்படுதல், இழத்தல், நிலை தாழ்தல், இல்லாமை என அழுகையின் காரணங்களை வாழ்க்கையில் கண்ட தொல்காப்பியர், அவ்வழுகை வெளிப்படுவது மெய்யில் என்றே கொண்டார். மூளையும் மெய்தானே.

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டியது காந்தத் தூண்டல். மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அமெரிக்கா 2008இல் அதை அனுமதித்தது. நோயர் விழித்தபடியே நாற்காலியில் அமர்ந்திருப்பார். நெற்றிக்கு மேலே இடப்புறம் வைத்த கம்பிச்சுருள் காந்தத் துடிப்புகளை அனுப்பும். உணர்ச்சிகளைக் கட்டுக்குள் வைப்பதில் பங்குள்ள முன்மூளைப் பகுதி அங்கே இருக்கிறது. நம் ஊரில் 'கரண்டு வைப்பது' என்று அஞ்சுகிறார்களே, அந்த மின்னதிர்ச்சி வேறு. அதையும் மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றித் தரக்கூடாதென 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. நம் திரைப்படங்களுக்குத்தான் இச்செய்தி எட்டவில்லை போலும்.

சுருளை எங்கே வைப்பது? தொடக்கத்தில், தூண்டினால் கட்டைவிரல் துடிக்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து 5 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினார்கள். தலைக்குத் தலை அளவு வேறல்லவா, பலருக்குக் குறி தப்பியது. பிறகு, மூளையின் ஆழத்தில் துயரோடு தொடர்புடைய ஒரு பகுதி ஓங்கும்போது முன்மூளையில் எந்தப் புள்ளி தாழ்கிறதோ, அதைத் தூண்டினால் பலன் மிகும் என்ற கருத்து வலுப்பெற்றது. அவரவர் மூளையைப் படமெடுத்துப் புள்ளி குறித்து, ஐந்தே நாளில் முடிக்கும் ஸ்டான்ஃபோர்டு முறைக்கு 2022இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் 2024இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்றில், 255 பேரிடையே, இணைப்புகளை ஆராய்ந்து குறி தேர்ந்த முறை வழக்கமான முறையைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டிலும் நோயர்கள் தேறினார்கள். (பதற்ற நோய்க்கு இதன் பலன் இன்னும் இவ்வளவு உறுதிப்படவில்லை.)

ஆகவே மில்லிமீட்டர்க் கணக்கு முடியட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கமான முறைக்கு வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் வர வேண்டும். சிமெண்ட் ஆலையால் பேர்பெற்ற ஆலங்குளத்திலிருந்து பட்டாசுக் கூலிக்குப் போகும் ஒரு பெண், ஒரு மாதக் கூலியை விட்டுவிட்டு நாள்தோறும் மதுரைக்குப் பேருந்து ஏறுவாரா? 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டுண்ட 28 பேர் தீயில் மாண்டார்கள். மூடநம்பிக்கை என்று சாடுவது எளிது. அக்குடும்பங்களுக்குப் பக்கத்தில் வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்ற கேள்வியே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

இழந்த கூலியையும் பட்ட இகழ்ச்சியையும் காந்தம் திருப்பித் தராது. படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? திருவில்லிபுத்தூரிலோ இராசபாளையத்திலோ அரசு மருத்துவமனையில் இக்கருவி வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் நோயருக்குப் பேருந்துக் கட்டணமும் கூலி ஈடும் வேண்டும். வலிப்பு உள்ளவர்களையும் தலைக்குள் உலோகம் உள்ளவர்களையும் முன்கூட்டியே கண்டறிய ஒரு மனநல மருத்துவர் வேண்டும். புள்ளி குறிக்க நாடாவும், அதில் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.