யாருடைய பணம் இந்த முற்பணம்?

ஐப்பசி பிறந்ததும் நம் நாளேடுகளின் ஞாயிறு இணைப்புகளுக்கு ஏழைகள் மீது திடீர்க் கருணை பிறந்துவிடுகிறது. தீபாவளி, நத்தார், புத்தாண்டு, தைப்பொங்கல் என்று மூன்று மாதங்களுக்குள் நான்கு கொண்டாட்டங்கள் வரிசை கட்டி வரும் பருவம் அது. குறைந்த செலவில் குடும்பத்தோடு கொண்டாடுவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள், பலகாரத்தை வீட்டிலேயே செய்யுங்கள், பழைய சேலையைப் பிள்ளைக்குப் பாவாடையாகத் தையுங்கள், கடன் மட்டும் வாங்காதீர்கள். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இவை பயன்படக்கூடும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. இதே உபதேசம் பசறைக்கும் மடுல்சீமைக்கும் பூனாகலைக்கும் மலையேறி வந்து லயத்து வாசலில் நின்று, "நீங்கள்தாம் ஊதாரிகள்" என்று விரல் நீட்டும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தோட்டத்துச் சனங்கள் தீபாவளிக்கு ஆடம்பரம் செய்துவிட்டு ஆண்டு முழுவதும் கடனில் கிடக்கிறார்கள் என்ற பேச்சைப் பதுளை நகரத்துக் கடைக்காரர் முதல் கருத்தரங்கில் கட்டுரை படிக்கும் கனவான் வரை எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஆடம்பரம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

பிள்ளைகளுக்குப் புதுத்துணி பெரும்பாலும் நடைபாதைக் கடையில்தான் வாங்கப்படும். பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போவதில்லை. கடைக்காரன் மூட்டை கட்டும் நேரம் பார்த்துப் போவார்கள், அப்போதுதான் விலை இறங்கும். சட்டை இரண்டு அளவு பெரிதாக எடுக்கப்படும். இந்தத் தீபாவளிக்கு எடுத்தது அடுத்த தைப்பொங்கலுக்கும் ஆகவேண்டும். பிறகு தம்பிக்கு இறங்கவேண்டும். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு இடிப்பது, எண்ணெய் வாங்குவது, சுடுவது எல்லாம் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து. ஆட்டிறைச்சி என்றால் லயத்தார் பணம் சேர்த்து ஓர் ஆடு பிடித்துக் கூறு போட்டுக்கொள்வார்கள். கூறு வாங்க முடியாத வீட்டுக்குக் கோழி, அதுவும் முடியாவிட்டால் கருவாடு. கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் இரவு ரயிலில் நின்றுகொண்டே பதுளை வரை வருவார்கள். நத்தாருக்கு வேதக்கார வீட்டிலிருந்து கேக்குத் துண்டு அடுத்த காம்பராவுக்கு வரும். பொங்கலுக்கு இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் அங்கே போகும். சிக்கனக் கட்டுரை எழுதுகிறவர் இந்தப் பெண்களிடம் வந்து பாடம் கேட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குடிக்குப் போகும் காசைப் பற்றிக் கேட்பீர்கள். அது போகிறது, மறுக்கவில்லை. அதனாலும் பெரிய வழக்கு அந்தப் பெண்களுக்கு உண்டு. ஆனால் குடிக்காத வீட்டுக் கணக்கும் இதே இடத்தில்தான் வந்து முட்டுகிறது என்பதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

முட்டுகிற இடம், தீபாவளி முற்பணம்.

வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன் தோட்ட நிருவாகம் தொழிலாளிக்கு ஒரு தொகையைக் கையில் கொடுக்கும். ஒரு காலத்தில் சில ஆயிரம், பிறகு பத்தாயிரம், அப்புறம் அதற்கும் மேல். "தொழிலாளர்களுக்குத் தீபாவளி முற்பணம் பெற்றுக்கொடுத்தார்" என்று தலைவர் ஒருவரின் படத்தோடு செய்தி வரும். பணம் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று பார்த்தால் இது வள்ளன்மை போலத் தோன்றும். அடுத்த மாதம் பத்தாம் தேதிச் சம்பளச் சிட்டையைப் பார்த்தால் வள்ளல் காணாமற் போயிருப்பார். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், தொழிற்சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோயில் பணம் ஆகிய கழிவுகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும். அந்த வரி பல மாதங்களுக்கு அழியாது. அது அழியும்போது அடுத்த தீபாவளி வந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 தீபாவளியின்போது நாட்சம்பளம் 1,350 ரூபா. சேமலாப நிதி போனால் கையில் 1,242. முற்பணம் இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அது பதினாறு நாள் கொழுந்து பறித்த கூலி. பத்து மாதத் தவணையில் கழித்தால் மாதம் இரண்டாயிரம், அதாவது மாதந்தோறும் ஒன்றரை நாளுக்கு மேல் சம்பளமில்லாமல் மலையில் நிற்பதற்குச் சமம். அதுவும் முழுப் பேர் விழுந்தால். நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர். வடகீழ்ப் பருவமழை ஊவாவில் கொட்டுவது இதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். மழையில் வேலை நாள்களும் குறையும். ஆக, தீபாவளியைக் கொண்டாடுவதற்கான பணம் நத்தாரிலும் பொங்கலிலும் இருந்து எடுக்கப்படுகிறது. ஜனவரியில் பாடசாலைக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கவேண்டிய வேளையில் அடகுக் கடைப் படியேறும் தோடு தீபாவளி ஆடம்பரத்துக்காக ஏறவில்லை. சம்பளம் போதவில்லை என்பதற்காக ஏறுகிறது.

"கடன் வாங்காதீர்கள்" என்ற அறிவுரைக்கு இங்கே என்ன பொருள் இருக்கிறது? பண்டிகை என்பதே கடனாகத்தான் அவர்கள் கைக்கு வருகிறது. கடனைக் கொடுப்பவர் அவர்களுடைய சம்பளத்தையும் கொடுப்பவர். வசூல் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. பணம் தொழிலாளியின் கைக்கு வருமுன்னரே கழித்துக்கொள்வார்.

முற்பணம் என்ற சொல் மலையகத்தில் புதிதன்று. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி முன்பணம் கொடுத்துத்தான் கூட்டி வந்தார். வழிச்செலவும் சாப்பாடும் அதில் ஏறின. தொழிலாளி தோட்டம் மாற நினைத்தால் அவருடைய கடனைக் காட்டும் "துண்டு" என்ற சீட்டைப் புதிய துரை பணம் கட்டி மீட்கவேண்டும். மனிதனைக் கடன் சீட்டால் கட்டிவைத்த அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921இல் சட்டம் வந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தொழிலாளிக்குத் தோட்டத்தை விட்டுப் போக உரிமை உண்டு. பல இளைஞர்கள் போயும் விட்டார்கள். இன்றைய முற்பணத்தைத் துண்டோடு சமன்படுத்த நான் வரவில்லை. ஆனால் ஆண்டின் முதல் மகிழ்ச்சியையே கடனாகக் கொடுக்கும் பழக்கம் எந்த வேரிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், அதை வெற்றி என்று மாலை போட்டுக் கொண்டாட மனம் வராது.

தலைவர்களுக்கு மட்டும் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதியில் அறிக்கைப் போர் தொடங்கும். ஒருவர் ஒரு தொகை கேட்பார். மற்றவர் அதற்கு மேல் ஐயாயிரம் கேட்பார். கடனைப் பெரிதாக்குவதற்கு நடக்கும் ஏலம் இது! கேட்ட தொகை கிடைத்துவிட்டால் தொழிலாளியின் மாதக் கழிவும் கூடும். இதைச் சாதனை என்று துண்டுப்பிரசுரம் அடிப்பதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் காட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் 2016இல் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா, 2019இல் 700. ஆயிரம் என்ற கோரிக்கை நிறைவேற 2021ஆம் ஆண்டுச் சம்பளச் சபை வர்த்தமானி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 2022இல் நாடே கவிழ்ந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி ஏறியது. அரிசியும் மாவும் தேங்காயும் மலையுச்சிக்குப் போனபோது நாட்சம்பளம் அதே ஆயிரத்தில் நின்றது. 1,350 கிடைத்தது 2024 செப்டெம்பரில். அடுத்து, 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அடிப்படை 1,550, வருகைக்கு அரசின் பங்காக 200, ஆக மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் நாட்சம்பளம் கூடியதால் பண்டிகைக் கடன் பரிசாகிவிடாது.

கம்பனிகளின் வாதத்தையும் சொல்லவேண்டும். வட்டியில்லாமல் கொடுக்கிறோம், வட்டிக்காரனிடம் போவதைவிட இது மேல் அல்லவா என்பார்கள். மேல்தான். உற்பத்திச் செலவு கூடிவிட்டது, இலாபமில்லை, போனஸ் கொடுக்க வழியில்லை என்பது அடுத்த வாதம்.

இதற்குப் பதில் சொல்லப் பாக்கு நீரிணைக்கு அப்பால் போகவேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் உறவுகள் லட்சக்கணக்கில் பிரிக்கப்பட்டார்கள். கப்பலேறிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அங்கும் பாலும் தேனும் ஓடவில்லை; அரசுத் தோட்டக் கழகம் நட்டத்தில் தள்ளாடிய கதையும் குடியிருப்பை விட்டு வெளியேறச் சொன்ன கதையும் நாம் அறிந்தவை. ஆனாலும் அங்கே தீபாவளிக்கு வருவது போனஸ். இந்தியாவின் 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 வீதம், கூடினால் 20 வீதம் என்று வரையறுத்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் ஊதியச் சட்டத்தொகுப்புக்குள் சேர்க்கப்பட்ட பின்னரும் இந்த வீதங்கள் மாறவில்லை. குறைந்தபட்சப் போனஸுக்கு முதலாளியின் இலாப நட்டம் கேட்கப்படுவதில்லை. தேயிலை அங்கும் அதே உலகச் சந்தையில்தான் விற்கிறது.

சட்டம் இருந்தும் அது தானாக வரவில்லை என்பதற்கு மூணாறு சாட்சி. 2015இல் கண்ணன் தேவன் தோட்டங்களில் போனஸை 10 வீதமாகக் குறைத்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான கொழுந்து பறிப்போர், "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் வரவிடவில்லை. கேரள அரசு தலையிட்டு, ஒன்பது நாளில் 8.33 வீதம் போனஸாகவும் 11.67 வீதம் கருணைத் தொகையாகவும் சேர்த்து 20 வீதம் பெற்றுத்தான் எழுந்தார்கள். நாட்கூலி உயர்வுக் கோரிக்கையில் அவர்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். எனினும் "முற்பணத்தைக் கூட்டு" என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைப் பாருங்கள்.

ஊவாவில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2014இல் தீபாவளி ஒக்டோபர் 22. சரியாக ஏழாம் நாள், ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025இல் தீபாவளி ஒக்டோபர் 20. நவம்பர் இறுதியில் டித்வா புயல். பதுளை மாவட்டம் மிகக் கூடுதலாக உயிரிழந்த மாவட்டங்களில் ஒன்று. பாதைகள் துண்டிக்கப்பட்டன, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. பண்டிகைப் பருவமும் மண்சரிவுப் பருவமும் இங்கே ஒன்றுதான். மலை சரியும் மாதங்களில்தான் சம்பளச் சிட்டையில் தீபாவளிக் கழிவும் தொடங்குகிறது. அவசரத்துக்கு ஒதுக்கிவைக்கக் கையில் எதுவும் மிஞ்சாத மாதங்கள் அவை. அந்த மார்கழியில் இடைத்தங்கல் முகாமில் நத்தாரைக் கழித்த குடும்பத்திடம் சிக்கனம் பேச எவருக்கு வாய் வரும்? உலர் உணவுப் பொதி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட நம்மவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமன்று. சம்பளச் சபை நாட்கூலியைத் தீர்மானிப்பது போலவே, தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டுப் போனஸ் ஒன்றையும் சட்டமாக்கட்டும். ஆண்டில் 240 நாள் வேலை, அடிப்படை 1,550 என்று கொண்டால் ஆண்டுச் சம்பளம் 3,72,000 ரூபா. அதன் 8.33 வீதம் ஏறத்தாழ 31,000. திருப்பிக் கொடுக்க வேண்டாத 31,000. கிறிஸ்தவர் விரும்பினால் நத்தாருக்கு வாங்கிக்கொள்ளட்டும், இந்துக்கள் தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளட்டும். முற்பணம் வேண்டுமென்போர் அதையும் தனியாகக் கேட்டு வாங்கட்டும். அப்போது அது கடன் என்ற பெயரிலேயே வரும்.

அடுத்த புரட்டாதியில் அறிக்கைகள் தொடங்கும்போது, மேடையில் நிற்பவரிடம் எத்தனை ஆயிரம் என்று மட்டும் கேட்டுக் கைதட்டிவிட்டு வராதீர்கள். மார்கழிச் சம்பளச் சிட்டையில் அந்த ஆயிரம் வரவில் நிற்குமா, கழிவில் நிற்குமா என்றும் கேளுங்கள். என் முன்னாள் சகபாடிகளான நிருபர்களிடமும் இதையே கேட்கிறேன். "பெற்றுக்கொடுத்தார்" என்று தலைப்பு எழுதுமுன், திருப்பிக் கட்டுவது யார் என்று இரண்டாம் வரியில் எழுதுவதற்கு இடம் இல்லாமலா போய்விடும்?