முட்டைக்கோழி முடங்கி நின்றால்…

"எங்கள் வீட்டில் 11 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. முட்டை விற்ற காசில்தான் பிள்ளைகளின் நோட்டு, பேனாச் செலவு ஓடுகிறது. நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பெட்டை, நேற்றிலிருந்து வாலைத் தொங்கப்போட்டு நிற்கிறது. முட்டையிடும் கூடைக்குள் போவதும், வெறுமனே வெளியே வருவதுமாக இருக்கிறது. வெள்ளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. 'இது வெள்ளைக்கழிச்சல், மற்ற கோழிகளையும் சந்தையில் தள்ளிவிடு' என்கிறார்கள். என்ன செய்வது?"

- ஒரு வாசகி, வேடசந்தூர்.

கோழிகளை விற்க வேண்டாம். கடிதத்தில் உள்ள அறிகுறிகளைப் பார்த்தால், இது வெள்ளைக்கழிச்சலைவிட முட்டை அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த இதழ் கைக்கு வருவதற்குள் அந்தப் பெட்டையின் கதை எப்படியும் முடிந்திருக்கும். அடுத்த கோழிக்காவது இது உதவும்.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் ஒரு கோழியோடு நிற்காது. ஒன்று முடங்கிய இரண்டு மூன்று நாள்களில் அடுத்தடுத்து விழத் தொடங்கும். எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். எச்சத்தில் வெள்ளை தெரிந்தாலே கழிச்சல் என்று பயப்பட வேண்டியதில்லை. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. நல்ல கோழியின் எச்சத்தின் மேலும் வெள்ளைப் படலம் இருக்கும். இரை எடுக்காத கோழிக்கு அந்த வெள்ளை மட்டுமே வெளியே வரும்.

அடைக்கோழியையும் நோய்க்கோழி என்று நினைத்துவிடுவது உண்டு. அடை உட்கார்ந்த கோழி கூடையை விட்டு எழாது; கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். நோய்க்கோழிக்குக் கொத்தத் தெம்பு இருக்காது.

முட்டை அடைப்பு என்றால், முக்கும், நிற்கும், மறுபடியும் முக்கும். கிராமத்துப் பெண்கள் காலையில் கோழியைத் திறந்துவிடும் முன் விரல் விட்டு முட்டை பார்ப்பார்கள் இல்லையா, அதே சோதனைதான். நகத்தை வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தால், ஓரிரு அங்குலத்திலேயே முட்டை தட்டுப்படும்.

அடைப்பு உறுதியானால், அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, கோழியின் அடிவயிறு முழுகும்படி 15 முதல் 20 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பிறகு ஈரம் போகத் துடைத்து, ஆசனவாயின் உள்விளிம்பில் எண்ணெய் தடவி, வைக்கோல் போட்ட கூடையில் கவிழ்த்து, இருட்டான, கதகதப்பான இடத்தில் தனியாக விட வேண்டும். குடிக்கத் தண்ணீர் உள்ளே இருக்கட்டும். பல கோழிகள் சில மணி நேரத்தில் முட்டையைப் போட்டுவிடும். போடாவிட்டால் இன்னொரு முறை வெந்நீரில் வைக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்புச்சத்து ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வயிற்றை அமுக்கிப் பிதுக்கவே கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் ஓடு கிழித்துச் சீழ் பிடிக்கும், குடல் தள்ளியும் வரலாம். சிவந்த சதை வெளியே தெரிந்தால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும்.

இதற்கு முக்கியக் காரணம் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. வெறும் அரிசிக் குருணையையும் சோற்றையும் தின்னும் கோழி அதை எங்கிருந்து எடுக்கும்? தன் எலும்பிலிருந்துதான். தோல் முட்டை வருவது இதற்கான முன்னெச்சரிக்கை. கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்தால், முட்டையிடும் கோழி தேவையான அளவு பொறுக்கிக்கொள்ளும். முட்டை ஓட்டைக் காயவைத்து, வறுத்து, பொடித்தும் வைக்கலாம். குஞ்சுகளின் தீவனத்தில் இதைக் கலக்க வேண்டாம். அளவுக்கு மீறிக் கொழுத்த கோழிக்கும், முதல் முட்டையிடும் இளம் பெட்டைக்கும்கூட அடைப்பு வரும்.

உண்மையிலேயே வெள்ளைக்கழிச்சலாக இருந்தால்? அது வைரஸ் நோய். மருந்துக்கடையில் வாங்கும் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரைகள் அதைத் தொடாது. முட்டையில் மருந்து எச்சம் சேர்வதுதான் மிச்சம். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது கோழிக்குக் கொஞ்சம் தெம்பு தரலாம். தடுப்பூசிக்கு அது ஈடாகாது. நோய் கண்ட வீட்டிலிருந்து கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோவதால்தான் அடுத்த ஊருக்கும் நோய் போகிறது. செத்ததைக் குளத்திலோ குப்பைமேட்டிலோ வீசாமல், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் வைத்து இலவசமாகவே இந்த ஊசியைப் போடுகிறது. நோயில்லாத கோழிக்குத்தான் ஊசி. ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் நல்லது. சந்தையில் வாங்கி வரும் புதுக்கோழியைக் குறைந்தது இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.