நோட்பேட் போதும்

வெப் பக்கம் எழுதப் பழக விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை. விண்டோஸுடன் வரும் நோட்பேடும் ஏதாவது ஒரு பிரவுசரும் இருந்தால் சரி. தொடக்கத்தில் இன்டர்நெட் இணைப்புகூடத் தேவைப்படாது. எழுதிய ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் 'எச்.டி.எம்.எல்.' என்ற நான்கு எழுத்துகளும் சேர்த்துச் சேமித்து, அதன் மீது இருமுறை கிளிக் செய்தால் பக்கம் திரைக்கு வந்துவிடும்.

எச்.டி.எம்.எல். கணக்குப் போடும் புரோகிராம் மொழி அல்ல. அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் பிரதியில் 'இது தலைப்பு', 'இங்கே புதிய பத்தி' என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்து அனுப்புவாரே, அதே வேலைதான். அந்தக் குறிப்பு அச்சில் வராது, அது அச்சுக்கோப்பவருக்கு. இங்கே அச்சுக்கோப்பவர் பிரவுசர். குறிப்பைக் கோண அடைப்புக்குள் எழுத வேண்டும்; அதற்கு டேக் என்று பெயர். தலைப்புக்கு முன்னால் 'எச்1' என்று ஒரு டேக், முடிந்ததும் சாய்கோடு சேர்த்து மீண்டும் அதே டேக். பத்திக்கு 'பி', வேறு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க 'ஏ'. ஒரு டஜன் டேக் தெரிந்தால் சொந்த ஊர்க் கோயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடலாம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் வெளியிட்ட பட்டியலிலேயே இருபதுக்கும் குறைவான டேக்குகள்தான்.

பிரவுசர் ரொம்பப் பொறுமைசாலி. இணைப்பை மூடும் டேக்கை மறந்தால் எந்தப் புகாரும் சொல்லாது. அடுத்து வரும் வரிகளையும் இணைப்பாகக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். புதியவருக்கு இது சலுகை, கெட்ட பழக்கத்துக்கும் இதுவே காரணம். தலைப்பு டேக் போடாமல், சாதாரண வரியையே தடித்த பெரிய எழுத்தில் காட்டச் செய்துவிட்டு, தலைப்பு வைத்தாயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பார்வையற்றவர்கள் என்.வி.டி.ஏ. போன்ற திரை வாசிப்பான் வழியாகப் படிக்கும்போது, 'எச்' விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார்கள். டேக் இல்லாத தலைப்பு அவர்களைப் பொறுத்தவரை தலைப்பே இல்லை.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொது. தமிழில் எழுதுபவருக்கு மேலும் ஒரு கவலை உண்டு. உலகின் முதல் வெப்சைட்டை செர்ன் 2013-ல் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தது. இன்றைய பிரவுசரிலும் அது ஒழுங்காகப் படிக்கக் கிடைக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் பிந்தி, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பலவற்றைத் திறந்தால் வருவது வெறும் கிறுக்கல். டேக்குகளில் கோளாறு இல்லை, எழுத்தில்தான். அன்று ஆளுக்கு ஒரு எழுத்துரு செய்து, ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொருத்தியிருந்தார்கள். சென்னையில் செய்த பக்கத்தை டெல்லியிலோ மும்பையிலோ இருந்த தமிழர் படிக்க அதே எழுத்துருவைத் தேடிப் போட வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொதுத்தரம் வகுக்க முயன்றது. 1991-ல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், விண்டோஸ் 2000 வரும்வரை விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அதனால் ஆங்கிலப் பாடங்கள் ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போகும் இரண்டு குறிப்புகள் தமிழ்ப் பக்கத்துக்கு உயிர். ஒன்று, பக்கத்தின் தலைப்பகுதியில் வரும் 'மெட்டா' டேக்கில் எழுத்துக் குறியீடு யு.டி.எஃப்-8 என்று அறிவிப்பது. அது இல்லாவிட்டால் பிரவுசர் ஊகிக்க வேண்டும். 'அம்மா' என்ற மூன்றெழுத்துச் சொல் யு.டி.எஃப்-8-ல் 15 பைட். ஊகம் தவறினால், மேலே சிறு கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிக முத்திரையும் மாறி மாறி வரும். மற்றொன்று, முதல் டேக்கிலேயே மொழி 'டி.ஏ.' என்று குறிப்பது. திரை வாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது.

ஃபைலைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யு.டி.எஃப்-8-ல் சேமிக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் 'ஏ.என்.எஸ்.ஐ.' என்று சேமித்துவிட்டால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். பிறகு எந்த டேக் போட்டும் அவற்றை மீட்க முடியாது. உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.