கனத்தை நம்பி ஓடும் லாரிகள்

இருபது டன் இரும்புத் தகட்டுச் சுருளை லாரியில் ஏற்றியதும் மனத்தில் எழும் முதல் எண்ணம், ‘இவ்வளவு வெயிட் எங்கே நகரப்போகிறது’ என்பதுதான். நெடுஞ்சாலையில் உயிரைப் பறிப்பது இந்த நம்பிக்கைதான்.

லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுருளும் அதே வேகத்தில்தான் போகிறது. ஓட்டுநர் சடன் பிரேக் போடும்போது பிரேக் பிடிப்பது சக்கரங்களை, சுருளை அல்ல. நிலைமத்தால் அது முன்னோக்கிப் போகவே பார்க்கும். தளத்தோடு உள்ள உராய்வும், போட்டிருக்கும் கட்டும்தான் அதை நிறுத்த வேண்டும்.

கனம் கூடினால் உராய்வு கூடும் என்பது உண்மை. ஆனால், நிறுத்துவதற்குத் தேவையான விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. ஒரே மாதிரித் தளத்தில் வைத்த 20 கிலோ பெட்டியும் 20 டன் சுருளும் ஒரே அளவு பிரேக்கில்தான் நழுவத் தொடங்கும். எடை யாருக்கும் சலுகை தருவதில்லை.

இரும்பின் மேல் இரும்பு வைத்தால் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.2. எண்ணெயோ மழைநீரோ படிந்தால் இன்னும் குறையும். அதாவது 20 டன் சுருளை உராய்வு 4 டன் விசையோடுதான் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவின் இஎன் 12195 தரவிதியோ, திடீர் பிரேக்கைத் தாங்க சரக்கின் எடையில் 80 சதவீதத்துக்குச் சமமான விசையை முன்பக்கம் தடுக்க வேண்டும் என்கிறது. இந்தச் சுருளுக்கு அது 16 டன். மீதி 12 டன்னைச் சங்கிலியும் முட்டுக்கட்டையும் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சுருள் போய் மோதும் இடம் ஓட்டுநரின் கேபின். சுருள் குறுக்கே படுத்திருந்தால் நழுவக்கூட வேண்டாம், உருண்டே வந்துவிடும்.

இதற்குத் தீர்வு விலை உயர்ந்ததல்ல. அடியில் தரமான ரப்பர் விரிப்பு போட்டால் உராய்வுக் கெழு 0.6 வரை போகும். 4 டன் பிடிப்பு 12 டன்னாகிவிடும். மேலே போட்டு இறுக்கும் பெல்ட்டின் பலன் வேறு. அது சரக்கைத் தளத்தோடு அழுத்தி உராய்வைக் கூட்டுகிறது, நிலைமத்தைக் கூட்டுவதில்லை. கனத்தால் செய்ய முடியாத வேலை இது.

வேகம் கூடும்போதும் இதே ஆபத்துதான், திசை மட்டும் பின்னோக்கி. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானத்தில் ஐந்து ராணுவக் கவச வாகனங்கள் இருந்தன. போதுமான கட்டு இல்லாததால் ஒன்று பின்பக்கம் நகர்ந்து வால்பகுதிக் கருவிகளை உடைத்தது. விமானம் விழுந்து, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

நம் ஊர் எடைமேடை லாரி எத்தனை டன் என்று சொல்லும். கட்டு எத்தனை டன் தாங்கும் என்று சொல்லாது. ஓவர்லோடுக்கு அபராதம் போடுவது அவசியம்தான், ஆனால் அது பாதி வேலை. ஏற்றுவது ஆலையின் கிரேன். விபத்து நடந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது ஓட்டுநர். இது அநியாயம். ஜெர்மனியின் வணிகச் சட்டம் பாதுகாப்பாக ஏற்றும் பொறுப்பைச் சரக்கு அனுப்புபவர்மீதே வைக்கிறது. இங்கும் அப்படி வேண்டும். துறைமுகத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் லாரி வெளியேறும் முன், ரப்பர் விரிப்பு, சங்கிலிகளின் தாங்குதிறன், முட்டுக்கட்டை ஆகியவற்றைச் சரிபார்த்து, சரக்கு அனுப்புபவர் கையெழுத்திட்ட சீட்டை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாத லாரிக்குக் கேட் திறக்கக் கூடாது.