எமரித் தாளை உள்ளே வையுங்கள்

எங்கள் வீதி முனையில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. காலை நடை முடிந்து திரும்பும்போது அங்கே ஐந்து நிமிடம் நிற்காமல் வர என்னால் முடிவதில்லை. கோவையில் பம்ப்செட் கம்பெனிகளில் முப்பத்தைந்து வருஷம் டர்னராக இருந்தவனுக்கு அந்த எண்ணெய் வாசனை விடுமா? போன வாரம் அங்கே ஒரு பையன் பிளாஞ்சுக்கு ஃபேஸிங் போட்டுவிட்டு, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே எமரித் தாளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு 1979 ஞாபகம் வந்துவிட்டது.

அன்று நானும் அதைத்தான் செய்தேன். 200 மி.மீ. விட்டமுள்ள சக்‌ஷன் பிளாஞ்ச். வெளிவட்டம் நன்றாக வந்தது, உள்பக்கம் பிய்த்தெடுத்த மாதிரி இருந்தது. எமரி போட்டு மறைத்து அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்தில் பல்லடம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து புகார். பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடுகிறது. மேஸ்திரி என்னையும் கூட்டிப்போனார். ஒரு போல்ட்டை இறுக்கினால் எதிர்ப்பக்கம் வாயைத் திறந்தது. தோட்டக்காரர் ஒவ்வொரு முறையும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் பம்பை ஓட்டியிருக்கிறார். வெங்காயம் வாடிக் கிடந்தது. "பளபளன்னுதான் இருக்குதுங்க தம்பி, தண்ணிதான் நிக்க மாட்டேங்குது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மேஸ்திரி பிளாஞ்சின் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குத்துவாட்டில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் தொட்டது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. நான் சாடிலை லாக் பண்ணவில்லை. கத்தி உள்ளே போகப்போக வெட்டின் அழுத்தம் சாடிலைப் பின்னால் தள்ளியிருக்கிறது, அதனால் நடுப்பகுதி மேடாகிவிட்டது. முகம் கொஞ்சம் குழிந்திருந்தால் தப்பில்லை, மேடாக மட்டும் இருக்கக் கூடாது. லேத்தைச் சோதிக்கும்போதே அப்படித்தான் பார்ப்பார்கள்.

உள்பக்கம் பிய்ந்ததற்குக் காரணம் வேறு. 150 சுற்றில், 200 மி.மீ. ஓரத்தில் கத்திக்கு நிமிடத்துக்கு 94 மீட்டர் வேகம் கிடைக்கும். 90 மி.மீ. துளை ஓரத்தில் அது 42 மீட்டராக இறங்கிவிடும். கார்பைடு முனைக்கு அது போதாது. இரும்பு முனையில் ஒட்டிக்கொண்டு, வெட்டாமல் பிய்க்கும். சிஎன்சி மெஷின் உள்ளே போகப்போகத் தானே சுற்றைக் கூட்டிக்கொள்ளும். கை லேத்தில் கடைசி வெட்டுக்கு நாம்தான் சுற்றைக் கூட்டி, 0.2 மி.மீ. மட்டும் வைத்து, மெதுவாக ஃபீடு கொடுக்க வேண்டும். துளையில்லாத ஜாப் என்றால் கத்தி முனை சென்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கீழே இருந்தால் நடுவில் ஒரு மொட்டு மிஞ்சும். அதையும் எமரியால் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்!

எமரித் தூள் பெட்டில் விழுந்து லேத்தையே தின்றுவிடும் என்பது தனிக் கதை. தாள் விரலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

பட்டறைப் பையனிடம் ஸ்கேலைக் கேட்டு வாங்கி அவன் பிளாஞ்சின் மேல் வைத்துக் காட்டினேன். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் சாடில் போல்ட்டுக்கு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான்.